அத்திப்பட்டிலிருந்து பழவேற்காடு: வேனிலேயே ஓர் இரவு

அத்திப்பட்டுக்குக் கடல் பக்கம்தான். ஆனால் இடையில் அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று வரிசையாக நிற்கின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவிய எண்ணூர் முகத்துவாரத்துக்குக் குளிக்கப் போகச் சொல்ல எனக்கு மனம் வராது. நண்பர்களோடு ஓர் இரவு கடலோரம் தங்க வேண்டுமானால் வடக்கே பழவேற்காடுதான். மீஞ்சூர், பொன்னேரி வழியாக ஏறத்தாழ 35 கி.மீ. அங்கே நல்ல தங்கும் விடுதிகள் குறைவு என்பதால், படுக்கையை வேனிலேயே கொண்டுபோவது மிகவும் பொருந்தும்.

முதலில் நாளைக் குறியுங்கள். ஜனவரி, பிப்ரவரியே நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் இருக்கும், வேனுக்குள் புழுக்கம் இருக்காது. எல்லாருடைய ஷிப்டையும் ஒரு தாளில் எழுதிவைத்து ஒத்துவரும் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது வண்டி. கட்டில், சமையல் மேடை எல்லாம் வைத்த கேரவன் நம் பக்கத்தில் எளிதில் வாடகைக்குக் கிடைப்பதில்லை. ஆறு பேருக்கு 12 சீட் டெம்போ டிராவலர் போதும். மஞ்சள் போர்டு வண்டியாகவே எடுங்கள். எஃப்.சி., இன்சூரன்ஸ், பர்மிட் மூன்றையும் கேட்டுப் பாருங்கள். நைட் ஹால்ட் எவ்வளவு, டிரைவர் பேட்டா எவ்வளவு என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். பூநாரைக் கூட்டத்தைத் தேடி சூளூர்ப்பேட்டைப் பக்கமும் போகும் எண்ணம் இருந்தால், அது ஆந்திர எல்லை. அதற்கான பர்மிட்டையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

படுக்கைக்கு சீட்டைக் கழற்றத் தேவையில்லை. உரிமையாளரும் சம்மதிக்க மாட்டார். நடைபாதையின் இருபுறமும் உள்ள சீட்டுகளின் மேல் குறுக்கே பிளைவுட் பலகையைப் போட்டு, மேலே மெத்தை விரித்தால் குறுக்குவாக்கில் படுக்கலாம். உள் அகலத்தை முன்கூட்டியே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். உயரமானவருக்குக் கால் இடிக்கும்; அவருக்குக் கடைசி வரிசை நீள சீட்டைக் கொடுத்துவிடலாம். டிரைவருக்கும் ஒரு முழுப் படுக்கை உண்டு என்பதைக் கணக்கில் சேருங்கள். மறுநாள் உங்கள் ஆறு பேரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியவர் அவர்.

இனி சொல்வதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏ.சி.க்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரா அருகே சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே கசிந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூங்குகிறவரை எழுப்பாது. ஜன்னலைத் திறந்துவைத்து வெளிப்பக்கம் கொசுவலைத் துணியைக் காந்தம் வைத்து ஒட்டுங்கள். சார்ஜ் ஏற்றிய சின்ன ஃபேன் இரண்டு போதும். கொசுவத்தியையும் உள்ளே ஏற்றாதீர்கள்.

கேஸ் சிலிண்டரும் வேண்டாம். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறி ஏற்றிவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்ததை நாம் பார்த்தோம். சனிக்கிழமை இரவுக்குப் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள். குடிக்க 20 லிட்டர் கேன் இரண்டு, கை கால் கழுவ இன்னொன்று.

மதியமே கிளம்புங்கள். மீஞ்சூர் தாண்டும் வரை கன்டெய்னர் லாரிகளின் நெரிசல் இருக்கும். பொன்னேரி பெட்ரோல் பங்கில் டீசல் போட்டு, கழிப்பறைக்கும் போய்வந்துவிடுங்கள். இரவுக்கு மூடி போட்ட பக்கெட்டும் மரத்தூளும் எடுத்துப் போனால், மக்கள் வாழும் கரையை அசிங்கம் செய்ய வேண்டியிராது.

வெளிச்சம் இருக்கும்போதே இடம் பாருங்கள். பழவேற்காட்டில் பாலம் தாண்டினால் லைட் ஹவுஸ் குப்பம். மணலில் வண்டியை இறக்காதீர்கள். சக்கரம் புதைந்தால் டிராக்டர்தான் வந்து இழுக்க வேண்டும். கெட்டியான தரையில், வலை காயும் இடத்தையும் படகு ஏற்றும் வழியையும் விட்டு விலகி நிறுத்துங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் "அண்ணே, ஒரு ராத்திரி வண்டிய இங்க போட்டுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு நிறுத்துவதே முறை. அவர் கைகாட்டும் இடம் நீங்கள் தேடிக் கண்டுபிடிக்கும் இடத்தைவிட எப்போதும் நன்றாக இருக்கும். ஏரியில் யார் எந்த நாள் எங்கே வலை போடுவது என்பதைப் 'பாடு' என்ற முறைப்படி தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் ஊர்கள் இவை. அங்கே கேட்காமல் எடுத்துக்கொள்ள எந்த இடமும் சும்மா கிடக்கவில்லை. பத்து மணிக்கு மேல் பாட்டுப் பெட்டியை அணைத்துவிடுங்கள். விடிகாலையில் கடலுக்குப் போகிறவர்கள் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஞாயிறு காலை சீக்கிரம் எழுந்தால் இறாலும் நண்டும் மடவையும் கரைக்கு வருவதைப் பார்க்கலாம். வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருகிறவர்கள் இருப்பார்கள். கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அது தயாராவதற்குள் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்து வரலாம். வாசல் தூண்களில் செதுக்கிய எலும்புக்கூடுகளைக் காணத் தவறாதீர்கள். 1613-ல் அவர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடுதான்.

படகு சவாரிக்கு யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். முகத்துவாரத்தில் குளிக்கவும் வேண்டாம். ஏரியும் கடலும் மாறி மாறி இழுக்கும் இடம் அது, நீச்சல் தெரிந்தவரையும் கொண்டுபோய்விடும்.

மூன்று மணிக்குள் திரும்பிவிடுங்கள். ஒரு பெரிய சாக்கு கொண்டுபோய், குப்பை முழுவதையும் கட்டி ஊருக்கே எடுத்து வாருங்கள். வண்டியை ஒப்படைக்கும் முன் சீட் இடுக்கில் உள்ள மணலை ஈரத்துணியால் துடைத்து, பேட்டாவை டிரைவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.