ஸ்பானியலுக்குக் கறிச்சோறு வேண்டாம்

இப்போது எமது வீடுகள் சிலவற்றிலும் கொக்கர் ஸ்பானியல் நாய்கள் வளர்கின்றன. பிள்ளைகள் கேட்டு வாங்கினாலும், பகலில் அதற்குத் துணை பெரும்பாலும் அம்மம்மாதான். நீரிழிவுள்ள முதியவரைத் தினமும் நடக்க வைப்பதால் நான் இதை வரவேற்கிறேன்.

ஆனால் ஊரில் வைத்ததுபோல் மிஞ்சிய கறிச்சோற்றை வைக்காதீர்கள். வெங்காயமும் உள்ளியும், சமைத்த பின்னரும், நாயின் செங்குழியங்களைச் சிதைக்கும். சோர்வும் வெளிறிய முரசும் சில நாட்கள் கழித்தே தெரியலாம். அதனால் கறியை எவரும் சந்தேகிப்பதில்லை. பாயாசத்தில் போடும் பிளம்ஸ் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சீனியில்லாத சுவிங்கம் சிலவற்றிலுள்ள சைலிட்டோல், ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே நாயின் குருதிச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும். உங்கள் வலி மாத்திரைகளையும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

தின்றுவிட்டால் அறிகுறி வரும்வரை காத்திராமல் மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுங்கள். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தியெடுக்க வைக்க வேண்டாம், உப்பே நஞ்சாகிவிடும்.

ஸ்பானியல் வயிறு நிறைந்திருந்தாலும் கெஞ்சும். சாப்பாடு கொடுக்காமல் அன்பு காட்ட எங்கள் முதியோருக்குத் தெரியாது. மனம் கேட்காவிட்டால் உப்பின்றி அவித்த கரட் துண்டொன்று கொடுக்கலாம்.