காசு கணக்கில் தெரிந்த பின்பே பொருள் படலையைத் தாண்டட்டும்

பாடத்தின் நோக்கம்: கைத்தொலைபேசியில் விளம்பரம் போட்டுப் பொருள் விற்கும்போது, உண்மையாக வாங்க வருபவரையும் ஏமாற்ற வருபவரையும் பிரித்தறியக் கற்றுக்கொள்ளுதல்.

முன்னுரை

முன்பெல்லாம் மாடோ உழவு இயந்திரமோ விற்பதென்றால் தரகர் வீட்டுக்கு வருவார். அவர் சொன்னதுதான் விலை. ஆனாலும் அவருடைய முகம் தெரியும், ஊர் தெரியும். இன்று புளியங்குளத்தில் இருந்துகொண்டு ஒரு நீர்ப்பம்பியின் படத்தைத் தொலைபேசியில் போட்டால், வவுனியாவிலும் கொழும்பிலும் உள்ளவர்கள் அன்றைக்கே பார்க்கிறார்கள். 2012இல் இலங்கையில் தொடங்கிய இக்மன் தளமும் முகநூலின் விற்பனைப் பக்கங்களும் இந்த வசதியைத் தந்தன. பலர் கேட்பதால் நியாயமான விலை கிடைக்கிறது. ஆனால் வாங்குபவரின் முகமும் ஊரும் தெரியாமல் போய்விட்டன. அந்த இடைவெளியில்தான் ஏமாற்றுக்காரர் நுழைகிறார்.

பல தடவை இடம்பெயர்ந்து, இருந்ததை இழந்து, மீண்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்த குடும்பங்கள் நாம். ஓர் இருசக்கர உழவு இயந்திரத்தை விற்கிறோம் என்றால் அந்தக் காசில் காலபோகத்து விதைநெல் இருக்கிறது, அடைவு வைத்த நகை இருக்கிறது, பிள்ளையின் படிப்பு இருக்கிறது. ஆகவே இந்தப் பாடத்தைக் குடும்பத்தில் எல்லோரும் படிக்க வேண்டும். தொலைபேசியைப் பிள்ளைகள் கையாளும் வீடுகளில் அவர்களும் கட்டாயம் படிக்க வேண்டும்.

1. முதலில் தெரியும் அடையாளங்கள்

உண்மையாக வாங்குபவர் குறை சொல்வார், விலை குறைக்கப் பார்ப்பார். "எத்தனை வருடம் ஓடியது? எஞ்சினைத் திறந்து பார்த்தீர்களா?" என்று கேட்பார். நேரில் வந்து இயக்கிப் பார்க்காமல் காசு தரமாட்டார்.

ஏமாற்ற வருபவர் இதற்கு நேர்மாறு. பொருளைப் பார்க்காமலே, கேட்ட விலைக்குச் சம்மதிப்பார். நேரில் வர முடியாததற்கு நம்பத்தக்க காரணம் வைத்திருப்பார். இந்தியாவில் பலர் தம்மை இராணுவத்தினர் என்று சொல்லி ஏமாற்றினார்கள். நம்மிடம் "நான் இலண்டனில் இருக்கிறேன், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வாங்குகிறேன்" என்று சொன்னால் போதும். நமது உறவினர்களும் வெளிநாட்டில் இருப்பதால் மனம் இளகிவிடும். அடுத்ததாக அவசரப்படுத்துவார்: "இப்போதே அனுப்புகிறேன், வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்."

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அவசரம் அவருடையது. அதை நாம் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

2. அவர்கள் கையாளும் தந்திரங்கள்

(அ) குறியீட்டைக் காட்டிப் பணம் எடுத்தல். 2021 பெப்ரவரியில் டில்லியில், அப்போதைய முதலமைச்சர் அரவிந்த் கெஜ்ரிவாலின் மகள் ஒரு பழைய சோபாவை ஓஎல்எக்ஸ் தளத்தில் விற்க முனைந்தார். வாங்குவதாகச் சொன்னவர், கணக்குச் சரியா என்று பார்ப்பதாகக் கூறி முதலில் ஒரு சிறு தொகையை அனுப்பினார். நம்பிக்கை வந்தது. பின்பு ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பி, மீதிப் பணத்தைப் பெற அதை ஸ்கான் செய்யச் சொன்னார். பணம் வரவில்லை; அவருடைய கணக்கிலிருந்து 20,000 இந்திய ரூபா போனது. "தவறான குறியீட்டை அனுப்பிவிட்டேன்" என்று சொல்லி இன்னொன்றை அனுப்பினார். மேலும் 14,000 போனது. படிப்பும் செல்வாக்கும் உள்ள வீட்டிலேயே இது நடந்தது. அந்தக் குறியீடு பணம் கொடுப்பதற்கானது. நம் ஊர்க் கடைகளில் வைத்திருக்கும் லங்கா கியூஆர் குறியீடும் அப்படித்தான்: ஸ்கான் செய்பவர் பணம் கொடுக்கிறார், கடைக்காரர் பெறுகிறார்.

(ஆ) இரகசிய இலக்கத்தைக் கேட்டல். "உங்கள் தொலைபேசிக்கு ஓர் இலக்கம் வரும், அதைச் சொன்னால்தான் பணம் சேரும்" என்பார். ஓ.ரி.பி. எனப்படும் அந்த இலக்கம் உங்கள் கணக்கின் திறப்பு. வங்கி அட்டையின் இரு பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்வதும், பொருளை ஏற்றிச் செல்லும் நிறுவனத்தின் பெயரில் ஓர் இணைப்பை அனுப்பி அட்டை விபரங்களை நிரப்பச் சொல்வதும் இதே தந்திரம்தான்.

(இ) பொய்ப் பற்றுச்சீட்டு. பணம் அனுப்பியதாக ஒரு படமோ, வங்கி அனுப்பியதுபோல் ஒரு குறுஞ்செய்தியோ வரும். இவற்றைச் சில நிமிடங்களில் போலியாகச் செய்யலாம். காசோலையிலும் கவனம் தேவை. வெள்ளிக்கிழமை பிற்பகல் உங்கள் கணக்கில் ஒரு காசோலையை வைப்பிலிட்டு, அந்தச் சீட்டைக் காட்டிப் பொருளை ஏற்றிச் சென்றுவிடலாம். திங்கட்கிழமை காசோலை திரும்பிவிடும். காசோலை செல்லுபடியானது என்று வங்கி சொல்லும்வரை அது வெறும் கடதாசியே.

(ஈ) கூடுதலாக அனுப்பிவிட்டேன் என்றல். "50,000க்குப் பதிலாக 80,000 அனுப்பிவிட்டேன், மீதி 30,000ஐத் திருப்பி அனுப்புங்கள்." உண்மையில் எதுவும் வந்திராது. நீங்கள் அனுப்பும் 30,000 மட்டுமே உண்மைப் பணம்.

(உ) மூன்றாம் ஆளின் பணம். இது கண்டுபிடிக்கக் கடினமானது. உங்கள் இயந்திரத்தின் படத்தை எடுத்துத் தன்னுடையது என்று வேறொருவருக்கு விற்பார். அந்த அப்பாவி உங்கள் கணக்கில் பணம் போடுவார். ஏமாற்றுக்காரர் வந்து இயந்திரத்தை ஏற்றிச் செல்வார். பிறகு பணம் போட்டவரின் முறைப்பாடு உங்கள் வீட்டுக்கு வரும். ஆகவே பணம் வந்தால் மட்டும் போதாது. யாருடைய பெயரில் வந்தது என்றும் பார்க்க வேண்டும்.

3. பணம் பெற எது தேவை?

உங்கள் பெயர், வங்கியும் கிளையும், கணக்கு இலக்கம். இவ்வளவுதான். நமக்கு ஒருவர் பணம் அனுப்ப இரகசிய இலக்கமும் தேவையில்லை, அட்டையும் தேவையில்லை, ஸ்கான் செய்யவும் தேவையில்லை, முற்கட்டணமும் தேவையில்லை. இதற்கு மேல் ஒருவர் கேட்டால் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள்.

4. பாதுகாப்பாக விற்கும் முறை

1. வாங்குபவர் நேரில் வந்து பார்க்கட்டும். தனியே சந்திக்க வேண்டாம். பகல் வேளையில், அயலவர் ஒருவரையோ கமக்காரர் அமைப்பின் உறுப்பினர் ஒருவரையோ உடன் வைத்திருங்கள்.

2. பெரிய தொகையானால் வங்கியிலேயே கைமாற்றுங்கள். காசை அங்கேயே எண்ணிக் கணக்கில் இடலாம். கள்ளநோட்டு இருந்தாலும் அங்கேயே பிடிபடும்.

3. கணக்குக்கு அனுப்பினால், அவர் காட்டும் படத்தைப் பாராமல் உங்கள் கணக்கை நீங்களே பாருங்கள். வங்கிகளுக்கிடையே உடனுக்குடன் பணம் அனுப்பும் வசதி 2015 முதல் இலங்கையில் உண்டு. தாமதமானால் காத்திருங்கள், பொருளும் காத்திருக்கட்டும்.

4. வாங்குபவரின் அடையாள அட்டை இலக்கத்தை எழுதி, பணம் அனுப்பியவரின் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பனைச் சீட்டு ஒன்று எழுதி இருவரும் சாட்சியும் ஒப்பமிடுங்கள்.

5. ஏமாந்துவிட்டால்

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியானது. முதலில் வங்கிக்கு அழைத்துக் கணக்கையும் அட்டையையும் நிறுத்துங்கள். செய்திகள், தொலைபேசி இலக்கம், பற்றுச்சீட்டுப் படம் எதையும் அழிக்க வேண்டாம், அவையே சாட்சியம். அவற்றுடன் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து, முறைப்பாட்டு இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். இவ்வகைக் குற்றங்களை விசாரிக்க 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் உள்ளது. வங்கி சரியாகக் கவனிக்காவிட்டால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

வீட்டில் பிள்ளையோ முதியவரோ ஏமாந்திருந்தால் ஏச வேண்டாம். ஏச்சுக்குப் பயந்து ஒருவர் மறைக்கும் நேரத்தில்தான் மீதிப் பணமும் போய்விடுகிறது.

கலந்துரையாடலுக்கு

(மாதர் சங்கம், கமக்காரர் அமைப்புக் கூட்டங்களில் பயன்படுத்தலாம்.)

1. நம் ஊரில் இணையத்தில் பொருள் விற்றவர்கள் யார்? அவர்களுக்கு எப்படிப்பட்ட அழைப்புகள் வந்தன?

2. ஒருவர் வாங்குபவராகவும் ஒருவர் விற்பவராகவும் நடித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் சந்தேகம் வந்தது என்று மற்றவர்கள் சொல்லட்டும்.

3. பெரிய பொருள் விற்கும் குடும்பத்துக்குச் சாட்சியாகவும் துணையாகவும் செல்ல நம் அமைப்பில் இருவரை நியமிக்க முடியுமா? யாரை நியமிக்கலாம்?