மருந்து அடிப்பவருக்கு ரத்தப் பரிசோதனை

பயிரைக் காக்க அடிக்கும் பூச்சி மருந்து, அடிக்கும் ஆளின் உடலிலும் சேருகிறது. மூச்சு வழியாகப் போவதைவிடத் தோல் வழியாகப் போவதே பெரும்பாலும் அதிகம். கசியும் தெளிப்பான் முதுகை நனைக்கிறது. எதிர்க்காற்று மருந்தை முகத்தில் வீசுகிறது. 2017-ம் ஆண்டில் மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில், ஆளுயரம் வளர்ந்திருந்த பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

ஆனால் எல்லோரும் உடனே மயங்கி விழுவதில்லை. இன்று ஒருவர் வயல், நாளை இன்னொருவர் வயல் என்று பருவம் முழுவதும் கூலிக்கு மருந்து அடிப்பவருக்கு, வெளியே தெரியாமலே பாதிப்பு ஏறிக்கொண்டு போகும். இதை முன்கூட்டியே காட்டிக் கொடுப்பது ரத்தப் பரிசோதனை.

உடலில் நடப்பது என்ன?

குயினால்பாஸ், புரொபனோபாஸ் போன்றவை ஆர்கனோ பாஸ்பரஸ் வகை மருந்துகள். நரம்புகள் சரியாக வேலை செய்ய, கோலினெஸ்டிரேஸ் என்ற நொதி தேவை. இம்மருந்துகள் அந்த நொதியை முடக்கி விடுகின்றன. பூச்சி சாவதும் இதனால்தான். மனிதருக்குக் கேடு வருவதும் இதனால்தான். குறைந்த நொதி மீண்டும் ஊற வாரக்கணக்கில் ஆகும். ரத்தச் சிவப்பணுக்களில் மாதக்கணக்கில்கூட ஆகலாம். அதற்குள் மறுபடி மருந்து அடித்தால், மேலும் குறையும்.

அவரவர் அளவே அளவுகோல்

இந்த நொதியின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். எனவே, பருவம் தொடங்கும் முன், ஒரு மாதமாவது மருந்தைத் தொடாமல் இருந்த நிலையில் ஒரு முறை பரிசோதித்து வைத்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, ஒருவருக்கு அப்போது 10,000 யூனிட் இருந்து, மருந்து அடிக்கும் காலத்தில் 6,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பல பரிசோதனைக் கூடங்களின் கணக்கில் 6,000 என்பது இயல்பான அளவே. ஆனால் அவருக்கு 40 சதவீதம் குறைந்துவிட்டது. முதல் அளவு கையில் இல்லாவிட்டால் இது தெரியாமலே போகும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், இவ்வகை மருந்துகளைத் தொடர்ந்து கையாளும் தொழிலாளருக்கு இந்தப் பரிசோதனை 1974 முதல் நடைமுறையில் உள்ளது. முதல் அளவில் 80 சதவீதத்துக்குக் குறைந்தால், வேலை செய்யும் முறையில் உள்ள தவறு ஆராயப்படும். ரத்த நீரில் 60 சதவீதம், அல்லது சிவப்பணுக்களில் 70 சதவீதம் என்ற அளவுக்கு இறங்கினால், மருந்து வேலையிலிருந்து ஆள் விலக்கப்படுவார். இரண்டும் 80 சதவீதத்துக்கு ஏறிய பிறகே மீண்டும் அந்த வேலை.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. அடிக்கடி மருந்து அடிப்பவர்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இரண்டு முறையும் ஒரே பரிசோதனைக் கூடத்தில் செய்வது நல்லது. கூடத்துக்குக் கூடம் அளவு முறை மாறும்.

2. தேதி, மருந்தின் பெயர், அடித்த நேரம், அன்று உடலுக்கு வந்த தொல்லை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வரவும்.

3. தலைவலி, தலைசுற்றல், அதிக வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், வாந்தி, வயிற்று வலி, கண் மங்கல், தசைத் துடிப்பு ஆகியவை அபாய அறிகுறிகள். வெயிலின் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது.

4. அறிகுறி கண்டவுடன் வேலையை நிறுத்தி, உடையைக் களைந்து, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, மருந்து டப்பாவின் லேபிளுடன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும். மூச்சுத் திணறினால் தாமதிக்கவே கூடாது. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

இந்தப் பரிசோதனை எல்லா மருந்துக்கும் பொருந்தாது. கார்பமேட் வகையில் நொதி விரைவில் பழைய நிலைக்கு வந்துவிடுவதால் பாதிப்பு தப்பிவிடலாம். களைக்கொல்லியான பாராகுவாட், பைரித்ராய்டு மருந்துகள் ஆகியவற்றின் பாதிப்பை இது காட்டாது. எனவே கையுறை, முழுக்கை உடை, காற்றின் போக்கு ஆகியவற்றில் கவனம் எப்போதும் தேவை.

அறிக்கை குறைவு காட்டினால், மருந்து அடிப்பவருக்குக் களை எடுத்தல், நீர் பாய்ச்சல் போன்ற வேறு வேலை கொடுக்கலாம். மருந்து அடித்த வயலில் அவரை இறக்கக் கூடாது. சில வார ஓய்வில் உடல் தேறும். அவருடைய கூலியும் நிற்காது.