நம் பாடங்களுக்கு ஒரு நிலையான முகவரி

அரையாண்டுத் தேர்வு நெருங்கிய ஒரு மாலையில் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். பெற்றோருடன் வேறு ஊருக்குப் போய், அங்குள்ள பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிப்பவள். “சார், கண்மாய்ப் படம் ஒன்னு போட்டிருந்தீங்கல்ல, மடை, கலுங்கு, வரத்துக்கால் எல்லாம் பேர் எழுதி. அத மறுபடி அனுப்புங்க சார்” என்றாள்.

என்னால் அனுப்ப முடியவில்லை. 2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது, சமூக அறிவியல் பாடங்களைச் சிறு அட்டைகளாக வரைந்து சமூக ஊடகம் ஒன்றில் பதியத் தொடங்கினேன். பள்ளி திறந்த பிறகும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட அட்டைகள் சேர்ந்தன. ஒருநாள் கணக்கு முடங்கியது. எத்தனை முறை விண்ணப்பித்தும் திறக்கவில்லை. இடையில் கைப்பேசியையும் மாற்றியிருந்தேன். என் சொந்த உழைப்பின் ஒரு படி கூட என்னிடம் இல்லை.

“என்கிட்டயே இல்லம்மா” என்றேன். மறுநாள் அவளே ஒரு படம் அனுப்பினாள். எட்டாம் வகுப்பில் என் அட்டையைப் பார்த்து அவள் நோட்டில் வரைந்து வைத்திருந்த கண்மாய் அது. இன்று நான் நடத்திவரும் இணையதளத்தின் முதல் பக்கம் அந்த நோட்டிலிருந்து பிறந்ததுதான்.

ஓடும் நீரும் தேங்கும் நீரும்

பரளச்சிப் பக்கம் மழை குறைவு. பெய்த நீரைத் தேக்கி வைக்கக் கண்மாய் இல்லையென்றால், பெய்த சுவடே தெரியாமல் வடிந்துவிடும். சமூக ஊடகத்தில் நாம் இடும் பாடப்பொருளும் அப்படித்தான். இன்று நூறு பேர் பார்ப்பார்கள்; அடுத்த வாரம் தேடினால் கிடைக்காது. அங்கே எல்லாம் தேதி வரிசையில் ஓடுகின்றன. நமக்கு வேண்டியதோ வகுப்பு வரிசை, பாட வரிசை.

மேலும், அந்த இடம் நம்முடையது அன்று. நம்மில் பலர் கணக்கு வைத்திருந்த ஆர்குட் 2014 செப்டம்பர் 30இல் மூடப்பட்டது. பொதுப் பயனர்களுக்கான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் நின்றது. தனிமனிதர்கள் இலவசமாகப் பக்கங்கள் அமைத்துக்கொண்ட ஜியோசிட்டீஸ் தளமும் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. எனவே சொந்தப் பக்கம் தொடங்கினால் மட்டும் போதாது. மூலக் கோப்பு நம் கையில் இருக்க வேண்டும்.

வழிகாட்டிகள்

இணையத்தில் தமிழுக்கு இடம் பிடித்துத் தந்தவர்களில் ஒருவர் ஆசிரியர் என்பது நமக்குப் பெருமை. சிங்கப்பூரில் ஆசிரியப் பயிற்சியளித்து வந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, ‘கணியன்’ என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் இணையத்தில் வெளியானபோது தமிழ்க் கவிதைகளும் தமிழ் எழுத்திலேயே இடம்பெற்றதற்கு அவருடைய பணியே காரணம்.

1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கினார். பல நாட்டுத் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து தந்தார்கள். பின்னர் யூனிகோடு பரவியபோது, முன்பு திஸ்கி குறியேற்றத்தில் இருந்த நூல்கள் அதற்கு மாற்றப்பட்டன. கோப்புகள் அவர்கள் கையிலேயே இருந்ததால்தான் அது முடிந்தது.

நான் செய்த முறை

முதலில் தலைமையாசிரியரிடம் சொன்னேன். இது என் தனிப்பட்ட கற்பித்தல் தளம், பள்ளியின் அலுவல் தளம் அன்று என்பதை முகப்பிலேயே எழுதிவைத்தேன்.

அடுத்து எச்டிஎம்எல் கற்றேன். பயப்பட ஒன்றுமில்லை. தலைப்பு, பத்தி, படம், இணைப்பு ஆகிய நான்கிற்கான குறிகள் தெரிந்தால் ஒரு பாடப்பக்கம் எழுதிவிடலாம். 1991இல் டிம் பெர்னர்ஸ்-லீ அமைத்த உலகின் முதல் இணையதளமும் எழுத்தும் இணைப்பும் மட்டுமே கொண்டது. கணினியில் ஏற்கெனவே இருக்கும் நோட்பேட் போதும்.

நான் தடுக்கி விழுந்தது எழுத்துருவில். வினாத்தாள் தட்டச்சு செய்யும் பழைய எழுத்துருக்களில் எழுதியவற்றை ஒட்டினால் பக்கத்தில் புரியாத குறிகளே தெரிந்தன. யூனிகோடில் தட்டச்சு செய்து, கோப்பை யுடிஎஃப்-8 முறையில் சேமித்ததும் சரியானது. இம்முறையில் ஒரு தமிழ்க் குறி 3 பைட் இடம் பிடிக்கும். ஒரு பக்கப் பாடக்குறிப்பு 10 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். கைப்பேசியில் எடுத்த ஒளிப்படமோ பல மெகாபைட் இருக்கும். படங்களை 100 கிலோபைட் அளவுக்குச் சுருக்கிய பிறகு, சிக்னல் குறைந்த வீடுகளிலும் பக்கம் திறந்தது. உள்நுழைவு, கடவுச்சொல் எதுவும் தேவையில்லை என்பதால் அப்பாவின் கைப்பேசியில் பத்து நிமிடம் பார்க்கும் பிள்ளைக்கும் பயன்பட்டது.

வகுப்பறையில் கண்டது

எட்டாம் வகுப்பு மாணவர்களை உயர்தொழில்நுட்ப ஆய்வகத்திற்கு அழைத்துச் சென்று இரண்டு பாடவேளைகள் செலவிட்டேன். முதல் பாடவேளையில் ஒவ்வொரு குழுவும் தம் ஊர்ப்பொருள் ஒன்றைப் பற்றி ஐந்து வரி எழுதியது: கரிசல் மண், பருத்தி, மிளகாய், கண்மாய். அடுத்த பாடவேளையில் அதைப் பக்கமாக்கி, மற்றக் குழுக்களின் பக்கங்களோடு இணைத்தார்கள். ‘மிளகாய்’ எழுதிய குழு, எந்தச் சொல்லிலிருந்து ‘கரிசல் மண்’ பக்கத்திற்கு இணைப்புக் கொடுப்பது என்று வெகுநேரம் விவாதித்தது. பாடங்களுக்கு இடையிலான தொடர்பை நான் சொல்லாமலே அவர்கள் தேடியது அன்றுதான்.

ஒரு மாணவனின் தாத்தா தளத்தைப் பார்த்துவிட்டு, “கலுங்க நடுக்கரையில போட்டிருக்காரே ஒங்க சாரு, அது கரையோட கடைசியிலல்ல இருக்கும்” என்றாராம். மறுநாளே படத்தைத் திருத்தினேன். பக்கத்தின் அடியில் திருத்திய தேதியையும் காரணத்தையும் எழுதினேன். பலருக்கும் பகிரப்பட்டுப் போன படத்தில் இருக்கும் பிழையை எப்படித் திரும்ப அழைப்பது? முகவரி நிலையாக இருந்தால் திருத்தமும் எல்லோரையும் சென்றடையும்.

கவனிக்க வேண்டியவை

• மாணவர்களின் முகம், பெயர், மதிப்பெண் எதையும் தளத்தில் இடுவதில்லை. 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது.
• பிறர் எழுதிய வழிகாட்டி நூல்களை ஒளிநகல் எடுத்து ஏற்றக்கூடாது. நாம் எழுதியதும் வரைந்ததும் போதும்.
• தனி முகவரி வாங்கினால் ஆண்டுக் கட்டணத்தை மறக்கக்கூடாது.
• மாதம் ஒருமுறை முழுத் தளத்தையும் பென்டிரைவில் படியெடுக்க வேண்டும்.

இதில் குறையும் உண்டு. சமூக ஊடகக் கணக்கை விட்ட முதல் சில மாதங்கள் வெறுமையாகவே இருந்தன. ‘அருமை சார்’ என்று சொல்ல ஆளில்லை. அந்தப் பாராட்டுக்காகவே சில அட்டைகளை அவசரமாக வரைந்திருக்கிறேன் என்பதும் அப்போதுதான் புரிந்தது. புதிய பக்கம் வந்திருக்கிறது என்று நாமே சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். அதனால் வகுப்பு வாட்ஸ்அப் குழுவை நான் விடவில்லை. பாடத்தை அதில் போடாமல், பாடம் இருக்கும் முகவரியை மட்டும் அனுப்புகிறேன்.

இதுவரை 30 பக்கங்கள் எழுதியிருக்கிறேன். இழந்ததில் இது ஒரு பங்குதான். ஆனால் இனி எந்த மாணவி அழைத்தாலும் “என்கிட்டயே இல்லம்மா” என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதி அழிக்கும் நல்ல பாடம் ஒன்று உங்களிடமும் இருக்கும். அந்த ஒரு பாடத்தை மட்டும் இந்த விடுமுறையில் ஒரு பக்கமாக எழுதிப் பாருங்களேன்.