பைக்குள் எந்தக் கத்தி?

தங்கச்சி, அடுத்த வாரம் மலைமேல் ஜமுனாமரத்தூரில் வேலைக்குச் சேரப் போகிறாய். குடை, டார்ச், தண்ணீர் பாட்டில் எல்லாம் எடுத்து வைத்துவிட்டாயாம். கத்தி மட்டும் எது என்று தெரியாமல் போனில் படம் படமாக அனுப்பியிருக்கிறாய். ஒன்றில் கத்தரியும் திருப்புளியும் இருக்கிறது. இன்னொன்று கன்னங்கரேலென்று பட்டாளத்துக்காரர் கத்தி மாதிரி இருக்கிறது. காசு கட்டுவதற்கு முன் இதைப் படி. சந்தவாசலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபது வருஷம் ஆகிறது. தோப்புக்குப் போகும்போது கத்தி இல்லாமல் நான் போனதில்லை.

முதலில் பட்டறைக் கத்தியைப் பார்ப்போம். லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து, தோய்ச்சல் கொடுத்து, புளியமரப் பிடி போட்டுத் தருவார்களே, அது. விரல் நீள அலகு போதும். அந்த இரும்பில் கரி கூடுதல். அதனால் கூர் சீக்கிரம் ஏறும், மழுங்கினால் கல்லிலே நாலு இழுப்பு இழுத்தால் திரும்பி வரும். வாழையிலை அறுக்க, நார் கிழிக்க, பூக்கட்டு அவிழ்க்க இதற்கு ஈடு நான் பார்க்கவில்லை. ஆனால் வாழைக் கறை பட்டால் கறுக்கும். எலுமிச்சை அறுத்துவிட்டு அப்படியே வைத்தால் மறுநாள் காலையில் செம்மண் நிறத்தில் துரு நிற்கும். அந்தக் கறுப்பு ஒன்றும் செய்யாது, விட்டுவிடு. செந்துரு மட்டும் ஆகாது, உடனே தேய்த்து எடு.

இரும்பு நல்லதா என்று யோசிக்காதே. தென்னாட்டு உருக்குக்கு ஒரு காலத்தில் சீமையிலேயே பேர். 1795-ல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியில் ‘வூட்ஸ்’ என்ற இந்திய உருக்கை ஆராய்ந்து எழுதினார். அதை அடித்துப் பார்க்க ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரரிடம் கொடுத்தபோது அவர் செய்தது ஒரு பேனாக்கத்தி. இறகுப் பேனாவின் முனையைச் சீவுகிற கத்தி என்பதால்தான் அந்தப் பெயர், நாமும் இன்றுவரை அப்படியே சொல்கிறோம்.

இனி நீ அனுப்பிய புதுக் கத்திகள். எவர்சில்வரில் குரோமியம் இருப்பதால் சீக்கிரம் துருப்பிடிக்காது. வேர்வை, மழை, பழச்சாறு எதற்கும் அவ்வளவாகக் கவலைப்பட வேண்டாம். ஹேண்ட்பேக்கில் மறந்து கிடந்தாலும் கெடாது. அந்தக் கத்தரி வைத்த சிவப்புக் கத்தி சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்ஸ்னர் 1884-ல் ஆரம்பித்த பட்டறையின் வழி வந்தது. நல்ல சாமான்தான். நூல் வெட்ட, நகம் வெட்ட, ஸ்க்ரூ முடுக்க ஆகும். அதன் சின்ன மாடல்களைக் கொண்டு தடித்த வேலை செய்யாதே. ஏன் என்று சொல்கிறேன், இதுதான் முக்கியம்.

திருவிழாக் கடையில் நான் ஒரு மடக்குக்கத்தி வாங்கியிருந்தேன். உர மூட்டைத் தையலைப் பிரிக்க முனையை உள்ளே குத்தி மேலே நெம்பினேன். அலகு அப்படியே திரும்பி மடங்கி என் ஆள்காட்டி விரல் மேலேயே மூடிக்கொண்டது. மூன்று தையல். குளிர்காலத்தில் அந்த நுனி இன்றைக்கும் மரத்துப்போகிறது. அந்தக் கத்தியில் அலகை நிறுத்தியது உள்ளே இருந்த ஒரு ஸ்பிரிங் மட்டும். அறுக்கும்போது அழுத்தம் கூரின் பக்கமிருந்து வரும், அலகு நிற்கும். குத்தினாலோ நெம்பினாலோ அழுத்தம் முதுகுப் பக்கமிருந்து வரும், அப்போது ஸ்பிரிங் விட்டுக்கொடுத்துவிடும்.

அதனால் மடக்குக்கத்தி வாங்கினால் லாக் இருக்கிறதா என்று பார். பிரான்ஸில் ஓப்பினல் என்று மரப்பிடிக் கத்தி ஒன்று 1890-லிருந்து செய்கிறார்கள். அதற்கே 1955-ல்தான் திருகிப் பூட்டுகிற வளையம் வைத்தார்கள். கடையில் வாங்கும்போது அலகைத் திறந்து லாக் போடு. விரல்கள் அலகு மடங்குகிற வழியில் இல்லாதபடி பிடியைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு முதுகை மேஜை விளிம்பில் மெள்ள அழுத்து. கொஞ்சம் அசைந்தாலும் வேண்டாம். பட்டறைக் கத்தி மடங்காது என்பதாலேயே எனக்கு அது பிடிக்கும். உறை மட்டும் இருந்தால் போதும்.

தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு அலகுக்குத் துரு ஏற்றும். சொட்டுநீர் போட்டபோது மிச்சமான பி.வி.சி. பைப் துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் இளகும். இடுக்கியால் எடுத்து, பலகைக்கு நடுவே வைத்துத் தட்டையாக்கினால் உறை தயார். நெருப்பில் காட்டாதே, அந்தப் புகை நல்லதல்ல.

கூர் தீட்ட சாணைக்காரர் வரும்வரை காத்திருக்காதே. பீங்கான் கப்பைக் கவிழ்த்தால் அடியில் பூச்சில்லாத சொரசொர வளையம் தெரியும். அதில் அலகைச் சாய்த்து, கூர் முன்னே போகும்படி இழு. 2 செ.மீ. அகல அலகென்றால் முதுகு அரை செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக எழும்பியிருக்கட்டும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பத்துப் பத்து. வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துத் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு. ஆயுத பூஜைக்கு வைக்கிற சந்தனத்தையும் மறுநாள் துடைத்துவிடு. ஈரச் சந்தனம் இருந்த இடத்தில் வட்டமாகத் துரு பிடித்து நான் பார்த்திருக்கிறேன். வாடல் நோய் வந்த வாழையை அறுத்த கத்தியை சோப்பு போட்டுக் கழுவாமல் அடுத்த மரத்தில் வைக்காதே.

பலாப்பழம் அறுக்கும் முன் அலகிலும் கையிலும் எண்ணெய் தடவு. உனக்கு மலைமேல் அந்த வேலை நிறைய வரும்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்துகொள். ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைத்தான் ஆயுதக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தது அதில் வராது. இருந்தாலும் அண்ணாமலையார் கோயில் கூட்டத்துக்கோ கோர்ட்டுக்கோ போகிற நாளில் கத்தியை வீட்டில் வைத்துவிடு. விமானமென்றால் கேபின் பையில் கூடாது, செக்-இன் பெட்டியில் போடு. பட்டன் அழுத்தினால் பட்டென்று திறக்கும் கத்தியை வாங்கவே வாங்காதே. பார்த்தவர்களுக்குப் பயம்தான் வரும், தோட்டத்து வேலைக்கு அதில் ஒரு லாபமும் இல்லை.

யாருக்காவது கத்தி கொடுக்க வேண்டியிருந்தால் அம்மா சொன்னதுபோல் கீழே வை, அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். சகுனத்துக்காகச் சொன்னார்களோ என்னவோ, கைமாறும்போதுதான் பாதி வெட்டு விழுகிறது.

உனக்கு என் யோசனை: பைக்கு லாக் வைத்த எவர்சில்வர் மடக்குக்கத்தி, மூன்று அங்குலத்துக்குள். தோட்டத்துக்குப் பட்டறைக் கத்தி. அந்தக் கறுப்புக் கத்திக்குக் கட்ட இருந்த காசில் இரண்டும் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிடு. பட்டறையில் சின்னக் கத்தி ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். அலகு அடித்தாயிற்று, பிடி மட்டும் பாக்கி. உன் கை என் கையைவிடச் சின்னது, நீ பிடித்துக் காட்டினால்தான் பெரியவர் மரத்தைச் செதுக்குவார்.