கரிசல் ஊரில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் முற்றம்

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. போனில் ஜிம்னாஸ்டிக்ஸ் பார்த்துவிட்டு நாள் முழுக்கக் குட்டிக்கரணம் போடுகிறாள், சிமெண்டுத் தரையில் தலைகீழாக நிற்கிறாள். எங்கள் ஊரில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. நான் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். மேலே நடக்கிற கட்டை, தொங்குகிற கம்பி எல்லாம் நானே செய்துவிடுவேன், பழைய ஸ்கூட்டர் ஸ்பிரிங்கை வைத்துத் துள்ளுபலகைகூடச் செய்யலாம் என்கிறார். ஆபீசில் கிடக்கும் காலிச் சாக்குகளில் சிவகாசி அச்சகத்துக் காகிதக் கழிவை அடைத்துத் தைத்தால் மெத்தை ஆகிவிடும் என்று தம்பி சொல்கிறான். செய்யலாமா?
— ஒரு வாசகி, ஏழாயிரம்பண்ணை

பதில்: முதலில் அந்தச் சாக்கு. அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், சகோதரி. தீப்பெட்டி ஆபீசாக இருந்தாலும் வெடி ஆபீசாக இருந்தாலும், மருந்து வந்த சாக்கை எவ்வளவு உதறினாலும் இழைக்குள் தூள் தங்கிவிடும். பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் கலந்தால் உராய்விலேயே தீப்பற்றும். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட சாக்கில் காகிதத்தை அடைத்து, அதன்மேல் ஒரு குழந்தையைக் குதிக்கவிடுவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. வேலை முடிந்து வந்ததும் குளித்து, சேலை மாற்றிய பிறகே மகளைக் கைப்பிடித்துப் பழக்குங்கள். காகிதக் கழிவு, சாக்கு சுத்தமாக இருந்தாலும் உதவாது. நாலு நாளில் அமுங்கிக் கட்டியாகிவிடும். மேலே மெத்தை போலத் தெரியும், விழுந்தால் தரைதான்.

சாத்தூரிலோ கோவில்பட்டியிலோ மெத்தைக் கடையில் ‘ரீபாண்டட் ஃபோம்’ என்று கேளுங்கள். துண்டு ஃபோம்களை அழுத்தி ஒட்டிச் செய்வது, கையால் அமுக்கினால் எளிதில் தரை தட்டாது. 2 அங்குலக் கனத்தில் வாங்கித் தார்ப்பாய் உறை தைத்துப் போடுங்கள். கம்பிக்குக் கீழே இரண்டு அடுக்கு வேண்டும். இரண்டு மெத்தைகள் சேரும் இடத்தில் இடைவெளி விட்டால் அங்கேதான் கணுக்கால் மடங்கும். உறையின் ஓரங்களில் வெல்க்ரோ பட்டை தைத்து இணைத்துவிடுங்கள். பழைய இலவம்பஞ்சு மெத்தை மேடும் பள்ளமுமாக இருக்கும், வேண்டாம்.

உங்கள் வீட்டில் செய்ய வேண்டியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கட்டைதான். போட்டிக் கட்டை 5 மீட்டர் நீளம், 10 செ.மீ. அகலம், 125 செ.மீ. உயரம் இருக்கும். உங்களுக்கு அதன் அகலம் மட்டும் போதும். நீளம் 8 அடி இருக்கட்டும், உயரம் அரை அடியைத் தாண்ட வேண்டாம். பழைய வீடு பிரித்த மரம் விற்கும் இடத்தில் 4 அங்குலச் சதுரக் கட்டை ஒன்று, விரிசலும் ஆணியும் இல்லாமல் நேராக இருப்பதாகப் பார்த்து எடுங்கள். ஊரில் பனங்கட்டை சும்மாவே கிடைக்கும், ஆனால் அதன் சிராய் பாதத்தில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. விளிம்புகளை இழைத்து மழுக்கி, பழைய கம்பளியைச் சுற்றி, அதன்மேல் கெட்டித் துணியை இழுத்துக் கட்டி, ஆணியை அடிப்பக்கம் மட்டும் அடியுங்கள். இரண்டு முனையிலும் அகலமான குறுக்குக் கட்டை கொடுத்தால் புரளாது. நடப்பது, பின்னால் நடப்பது, ஒற்றைக்காலில் நிற்பது, திரும்புவது என்று ஒரு வருஷத்துக்கு வேண்டிய வேலை அதிலேயே இருக்கிறது.

கம்பிக்கு 1 அங்குல ஜி.ஐ. பைப், சிவப்புக் கோடு போட்ட ‘சி கிளாஸ்’ ரகம். மஞ்சள் கோடு போட்டது மெல்லியது, வளையும். இரண்டு கால்களுக்கும் இடையே 4 அடி, அதற்குமேல் வேண்டாம். மகள் நுனிக்காலில் நின்று கையைத் தூக்கினால் பிடிக்கிற உயரமே சரி. கம்பி பிடிக்குள் சுழலக் கூடாது, பெயிண்டும் அடிக்கக் கூடாது. வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள்: வெல்டிங் வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வைக்கட்டும். அந்தப் புகை காய்ச்சல் கொடுக்கும்.

கம்பத்தை முற்றத்தில் நடுவதில்தான் உங்கள் மண் தொல்லை கொடுக்கும். கரிசல் மழைக்கு உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசியில் உறுதியாக நின்ற கம்பம் சித்திரையில் ஆடும். 3 அடி ஆழம் தோண்டி, கரிசலை முழுக்க வெளியே எடுத்துவிட்டு, சரளையும் காங்கிரீட்டும் போட்டு நிரப்புங்கள். இரண்டு கால்களையும் மண்ணுக்கடியில் ஓர் ஆங்கிள் இரும்பால் இணைத்து வெல்டிங் வைத்துவிட்டால், மண் அசைந்தாலும் இரண்டும் சேர்ந்தே அசையும், கம்பி முறுக்கிக்கொள்ளாது. முதலில் வீட்டுக்காரர் தொங்கிப் பார்க்கட்டும். பிறகு மாதம் ஒரு தரம், பெருமழை பெய்த மறுநாளும் ஆட்டிப் பாருங்கள். விருதுநகர் வெயிலில் மத்தியானம் கம்பியைத் தொட முடியாது, காலையிலேயே பழகட்டும்.

துள்ளுபலகை வேண்டாம். ஸ்கூட்டர் யோசனை எங்கிருந்து வந்திருக்கும் என்று தெரிகிறது. திரிபுராவின் அகர்தலாவில் தீபா கர்மாகர் சிறுமியாகப் பழகிய காலத்தில், பழைய ஸ்கூட்டரின் பாகங்களைக் கொண்டு அவருடைய பயிற்சியாளர் விஸ்வேஸ்வர் நந்தி கருவி செய்துகொடுத்தார். அந்தப் பெண் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வென்றார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் இறுதிச்சுற்றுக்குப் போய் 15.066 புள்ளியுடன் நான்காவதாக வந்தார், வெண்கலத்துக்கு 0.150தான் குறைவு. நானும் அந்தக் கதையைப் பெருமையோடு பலருக்கும் சொல்வேன். ஆனால் அங்கே ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நந்தி நின்றார். குழந்தை எந்த நொடியில் எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்து கைகொடுக்க ஒருவர் இருந்தார். துள்ளுபலகையும் டிராம்போலினும் பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கி எறிபவை, கழுத்து ஊன்றி விழுந்தால் 2 அங்குல மெத்தை காப்பாற்றாது. அந்தரத்தில் அடிக்கும் கரணத்துக்கும் இதே பதில்தான். கையோ காலோ கட்டையிலும் தரையிலும் கம்பியிலும் பட்டுக்கொண்டிருக்கும் வரை வீட்டில் பழகலாம். எல்லாம் விட்டுப் பறப்பது பயிற்சியாளர் முன்னால் மட்டுமே.

அதற்காகத் தள்ளிப்போடவும் வேண்டாம். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் மகளை அழைத்துப் போங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விருதுநகர் மாவட்ட அலுவலகத்தில், அருகில் எங்கே பயிற்சி நடக்கிறது, விடுதிச் சேர்க்கை எப்போது என்று கேளுங்கள். தீபா 6 வயதில் தொடங்கியவர், உங்கள் மகளுக்கு 9 ஆகிவிட்டது. ஆனால் இந்த வயதில் தொடங்கும் பிள்ளைகள் சொன்னதைப் புரிந்துகொண்டு வேகமாக முன்னேறுவதைப் பார்த்திருக்கிறேன். மல்லர் கம்பத்தையும் கேட்டுப்பாருங்கள். விழுப்புரத்தில் எத்தனையோ எளிய வீட்டுப் பிள்ளைகள், பெண்பிள்ளைகள் உட்பட, அதில் தேர்ந்திருக்கிறார்கள்.

தலைகீழாக நிற்பது பற்றிக் கடைசியாக ஒன்று. வளரும் பிள்ளைகளின் மணிக்கட்டு எலும்பு முனை இன்னும் முழுதாக இறுகியிருக்காது. சிமெண்டில் தினமும் கையூன்றினால் அங்கே வலி வரும். ‘பழகப் பழகச் சரியாகிவிடும்’ என்று விடாதீர்கள். உடனே கையூன்றுவதை நிறுத்தி, கட்டையில் நடப்பதை மட்டும் தொடரச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் வலி போகவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.