நான்கு கார்டுகளும் ஒரு கீர்த்தனையும்

எங்கள் ஆலயப் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். தாளில் பாட்டு வரிகளும், மேலே சி, ஏ மைனர், எஃப், ஜி என்ற கார்டு குறிகளும் மட்டுமே உள்ளன. எப்படி வாசிப்பது?
– வாசகர், அம்பத்தூர்

அஞ்ச வேண்டாம், குறி சொல்லாமல் விட்டதெல்லாம் தங்கள் கற்பனைக்கு அளிக்கப்பட்ட சுதந்திரமே. இடக்கை ஒவ்வொரு கார்டின் ஆதார சுரத்தையும் தாழ்ந்த ஸ்தாயியில் பிடிக்க, வலக்கையானது குறி மாறுந்தோறும் தாவாமல், சி–ஈ–ஜி என்று தொடங்கி, ஏ மைனருக்கு ஜியை மட்டும் ஏ ஆக்கி, எஃபுக்கு ஈயை மட்டும் எஃப் ஆக்கி, ஜிக்கு மூன்று விரல்களையும் சற்றே கீழிறக்கி பி–டி–ஜி என அமருமாயின், நான்கும் ஒரே ஸ்தாயிக்குள் அடங்கிவிடும். பாடுவோர் பாடுகையில் மெட்டை வாசியாமல், அவர்கள் மூச்சு வாங்கும் இடைவெளிக்கே அலங்காரங்களை ஒதுக்கி வைப்பது உத்தமம்.

வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வழிவந்த கீர்த்தனைகளில் மட்டும் ஜாக்கிரதை அவசியம். ராகம் மாயாமாளவகௌளையாயின், சியைச் சட்ஜமாகக் கொள்ளும்போது, ஜி கார்டிலுள்ள டி என்னும் சுரம் ராகத்தின் சுத்த ரிஷபத்தோடு மோதி அதன் ஜீவனையே குலைக்கும். அவ்விடத்தில் சட்ஜ பஞ்சமங்களை மட்டும் தம்புரா போல ஒலிக்க விடுவதே நியாயம்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குள், இந்நான்கு கார்டுகளையும் விரலைப் பாராமலே பிடிக்கப் பழகிவிடுங்கள்.